துண்டுப் பிள்ளையார் ஏறிவந்த கப்பல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். கடைச் சீட்டு எழுதிப் பழகிய கை இது. வரிவரியாக எழுதச் சொன்னால் கோணிக்கொண்டு போகும். ஒற்று விழ வேண்டிய இடத்தில் விழாது. மறதியும் உண்டு. திங்கட்கிழமை நடந்ததைச் செவ்வாய்க்கிழமையில் கொண்டுபோய் வைத்திருப்பேன். அமெரிக்காவில் பிளானோ என்கிற ஊரில் நம் ஆட்கள் சேர்ந்து போடுகிற சித்திரை மலருக்கு, "அத்தை, நீங்க கப்பல்ல போனதை எழுதுங்க" என்று மருமகள் கவிதா நோட்டைக் கையில் திணித்துவிட்டாள். படித்தவர்கள் படிக்கிற இடத்தில் இதையும் போடுகிறார்கள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையத்தில் மளிகைக்கடை. கடையை விட்டு வரமாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால் மகன் செந்திலைப் பார்க்க நான் மட்டும் டெக்சாஸ் வந்தேன். அதே சமயம் கவிதாவின் அம்மா சரோஜாம்மாவும் பெரம்பூரிலிருந்து வந்திருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும். எனக்குத் தமிழே புது ஆட்கள் முன்னால் தொண்டைக்குள் போய்விடும்.

செந்திலுக்கு எங்கள் இருவரையும் ஐரோப்பாப் பக்கம் கப்பலில் கூட்டிப் போக ஆசை. லீவு போதவில்லை. அதனால் பக்கத்திலேயே, கால்வெஸ்டன் என்கிற ஊரிலிருந்து மெக்ஸிகோ தீவு ஒன்றுக்குப் போய்த் திரும்பும் கப்பலுக்கு ஏற்பாடு பண்ணினான். நாலு ராத்திரி. நியூஜெர்சியில் செந்திலின் சிநேகிதன் வீட்டுப் பெண் ஐரோப்பாவில் வடக்கு நாடுகளுக்குக் கப்பலில் போய் வந்தவள். அவள் போனில் ஒரு மணி நேரம் சொன்னாள். அங்கே ஊருக்கு ஊர் காசு மாறுமாம். காலையில் வாங்கிய காசு சாயங்காலம் செல்லாதாம். மீந்த சில்லறை அவள் வீட்டில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறதாம். கப்பலில் எங்கு போனாலும் சோறு ஒன்றுதான் பிரச்சினை, ரைஸ் குக்கரும் ஊறுகாயும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அப்படியே செய்தோம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், ஐந்து கிலோ பொன்னி, குக்கர். கவிதா, "அஞ்சு நாளுக்கு அஞ்சு கிலோவா அத்தை?" என்றாள். "மழை பேஞ்சா?" என்றேன். கப்பலில் மழை பெய்தால் அரிசிக்கு என்ன என்று எனக்கே அப்புறம்தான் தோன்றியது.

காலையில் கிளம்பி மதியம் வரை கார் ஓடியது. டெக்சாஸ் ரோடு நேராகவே போகும். வளைவே இல்லாத ரோட்டில் உட்கார்ந்திருந்தால் நாம் போகிறோமா, ரோடு வருகிறதா என்று தெரியாது. நான் தூங்கித் தூங்கி விழித்தேன். விழிக்கும்போதெல்லாம் அதே வானம், அதே பெட்ரோல் பங்க், அதே மாடு. கடைசியில் விழித்தபோது வீடுகளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பத்து மாடிக் கட்டடம் நின்றது. அதுதான் கப்பல் என்றார்கள்.

ஏறுகிற இடத்தில் பெட்டியை எக்ஸ்ரே மெஷினில் விட்டார்கள். குக்கரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். சூடு பண்ணுகிற சாமான் எதுவும் அறைக்குப் போகக்கூடாதாம், தீப்பிடிக்குமாம். ஒரு சீட்டைக் கட்டி எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சரோஜாம்மா வாதாடிப் பார்த்தார். "எக்ஸ்சேஞ்ச்ல நான் பார்க்காத ரூல்ஸா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஐந்து கிலோ அரிசி மட்டும் எங்களோடு ஏறியது.

மேல்தளத்தில் நின்று கீழே பார்த்தேன். துறையில் லாரி லாரியாகச் சரக்கு வந்து நின்றது. வெங்காய மூட்டை, உருளைக்கிழங்கு, முட்டை அட்டைகள், மூட்டை கட்டிய வெள்ளைத் துணிகள். சின்ன வண்டி ஒன்று அத்தனையையும் தூக்கித் தூக்கிக் கப்பலின் வயிற்றுக்குள் கொண்டுபோனது. ஒருவர் வாசலில் நின்று அட்டையில் எழுதி எழுதி உள்ளே விட்டார். எங்கள் கடைக்குச் சந்தை நாளில் சரக்கு இறங்குவது போலத்தான். எனக்குச் சற்றுத் தைரியம் வந்தது. எண்ணி ஏற்றுகிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ அந்த இடம் எனக்குப் புரியும்.

கப்பலுக்குள் ஒரு விசித்திரம். அங்கே காசே கிடையாது. ஏறும்போது ஆளுக்கு ஓர் அட்டை கொடுக்கிறார்கள். அறைக் கதவும் அதில்தான் திறக்கும், ஆரஞ்சு ஜூஸும் அதில்தான் வரும். யார் கையிலும் பர்ஸ் இல்லை. எல்லாரும் ஓர் அட்டையை விரலில் சுழற்றிக்கொண்டு சொர்க்கத்துக்கு வந்துவிட்டவர்கள் மாதிரி நடந்தார்கள். செந்தில் வழிச்செலவுக்குக் கொடுத்த இருபது டாலர் நோட்டு என் முந்தானை முடிச்சில் நாலு நாளும் வேலையில்லாமல் தூங்கியது.

எனக்கும் சரோஜாம்மாவுக்கும் ஓர் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று சொல்ல முடியாது. படுத்தால் கட்டில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். தூளியில் கிடப்பது போல இருக்கும். என்ன கிழமை என்று தெரிய வேண்டுமானால் லிஃப்ட்டுக்குப் போக வேண்டும். அதன் தரைவிரிப்பில் கிழமை நெய்திருக்கும், தினமும் மாற்றுவார்கள். நான் எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொள்வேன். காலடியில் கிழமை மாறுகிற இடம் அது.

அறையைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் ரோமெல். பிலிப்பைன்ஸ்காரர் என்று சட்டையில் எழுதியிருந்ததைச் சரோஜாம்மா படித்துச் சொன்னார். முப்பது வயது இருக்கும். எங்களை "மம்மா" என்றார். முதல் நாள் நாங்கள் சாப்பிடப் போயிருந்தபோது வந்து போர்வையை மடித்து, ஒரு சாக்லேட்டும் வைத்திருந்தார்.

சாக்லேட்டுக்குப் பக்கத்தில், என் கட்டில் நடுவில், பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைத் துண்டுகளால் செய்திருந்தது. பெரிய துண்டைச் சுருட்டி நாலு கால். சின்னத் துண்டை மடித்துத் தலை, இரண்டு காது, வளைந்த தும்பிக்கை. கறுப்புக் காகிதம் வெட்டிய கண். சரோஜாம்மா, "அட, டவல்ல யானை! எவ்ளோ க்யூட்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு நாடகம் பார்க்கக் கிளம்பிவிட்டார். அவருக்கு அது யானை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடல் மேலே போகிறோம், ஜன்னல் கூட இல்லாத அறை, வந்து உட்கார்ந்திருக்கிறார். குங்குமச் சிமிழைத் திறந்து நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். கும்பிட்டுக்கொண்டேன். படுக்க வேண்டுமே என்று இரண்டு கையாலும் தூக்கி என் பக்கத்து அலமாரியில் புடவை மேல் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் முழுக்கக் கடல். ரோமெல் அறையைச் சுத்தம் பண்ண வந்தார். குளியலறையில் துண்டுகளை எடுத்தார், மாற்றினார். பிறகு கட்டில் பக்கம் வந்து எதையோ தேடினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே காதுபோல் வைத்து என்னிடம் ஏதோ கேட்டார். பிடித்திருந்ததா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டேன். தலையைத் தலையை ஆட்டினேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் இன்னொரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். பொட்டு வைத்து அவரையும் அலமாரியில் வைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் எங்களுக்கென்று ஒரே பரிமாறுபவர்தான் தினமும் வந்தார். மாமிசம் வேண்டாம் என்று சரோஜாம்மா சொன்னதும் முதல் நாள் வேகவைத்த கேரட்டைக் கொண்டுவந்து வைத்தார். முகத்தைப் பார்த்திருப்பார் போல. மறுநாள் சமையலறையில் யாரிடமோ சொல்லிப் பருப்பும் சோறும் கொண்டுவந்தார். பருப்பில் சீரகம் தாளித்திருந்தது. நான் பையிலிருந்து ஊறுகாய் டப்பாவை மேசைக்கு அடியில் வைத்துத் திறந்தேன். வாசனை மறைக்க முடியாத சாமான் அது. பக்கத்து மேசை வெள்ளைக்காரப் பாட்டி எட்டிப் பார்த்துக் கொஞ்சம் வாங்கி ரொட்டியில் தடவிச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மறுபடி கேட்டார்.

மூன்றாம் நாள் தீவில் இறங்கினோம். கோசுமெல் என்று பெயர். தண்ணீர் அங்கே நீலம் இல்லை, பச்சையும் இல்லை. கண்ணாடி வளையல் கடையில் விளக்கு எரிவது போல ஒரு நிறம். கரையோரம் ஒரு பெண் மாங்காயைப் பூப்போல அரிந்து, உப்பும் மிளகாய்த் தூளும் போட்டு விற்றாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். செந்தில் டாலர் கொடுத்தான். அவள் மீதியை அந்த ஊர்க் காசில் கொடுத்தாள். ஓரம் வெள்ளை, நடுவில் மஞ்சள், ஒரு சின்னக் காசு. கப்பலில் இது எதற்கும் ஆகாது என்று செந்தில் என்னிடம் கொடுத்துவிட்டான். நியூஜெர்சிப் பெண்ணின் டப்பாவுக்கு நானும் ஒன்று சேர்த்தேன் என்று முடிச்சில் போட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் மூன்றாவது பிள்ளையார்.

நாலாம் நாள் மதியம் நானும் சரோஜாம்மாவும் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அறைகளுக்கு நடுவே போகும் நீண்ட நடையில் ரோமெல் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றார். எதிரே கோட்டுப் போட்ட ஓர் அம்மாள் கணக்கு எழுதும் அட்டையைக் கையில் வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினார். சத்தம் போடவில்லை. சத்தம் போடாத பேச்சுதான் பயமாக இருக்கும். சரோஜாம்மா தானாகவே நின்றுவிட்டார். முப்பது வருஷம் ஊரார் பேச்சு காதில் விழுந்த பழக்கம்.

கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். "மூணு பெரிய டவல், மூணு சின்ன டவல் குறையுதாம். அவன் பொறுப்புல இருக்கிற ரூம்ஸ்ல. நாளைக்குக் காலைல கணக்கு ஒப்படைக்கறதுக்குள்ள வரலைன்னா அவன் பேர்ல எழுதிடுவாங்களாம். ஏற்கெனவே ஒரு தடவை எழுதியிருக்காம். இன்னொரு தடவைன்னா அடுத்த கான்ட்ராக்ட் கிடையாது, ஊருக்குப் போக வேண்டியதுதான்னு அந்தம்மா சொல்றா."

கப்பல் ஆடியதா நான் ஆடினேனா தெரியாது. அலமாரிக் கதவைப் பார்த்தேன். அதற்குள் மூன்று பேரும் என் புடவை மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதே திறந்து காட்டியிருக்கலாம். செய்யவில்லை. சரோஜாம்மா சிரிப்பார் என்ற வெட்கம் ஒன்று. பொட்டு வைத்துக் கும்பிட்டவரை எடுத்து உதறிக் கொடு என்று எப்படிக் கொடுப்பது, அழுக்குத் துணி வண்டியில் எப்படிப் போடுவது என்ற பயம் இன்னொன்று. அலமாரிக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு கடைசி விருந்து. பரிமாறுகிறவர்கள் எல்லாரும் கைத்துணியைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு வரிசையாக ஆடி வந்தார்கள். சரோஜாம்மா எழுந்து கூட ஆடினார். பிறகு செந்தில் வெள்ளை உறைகளை எடுத்து எங்களிடம் கொடுத்தான். நாலு நாளாகக் காணாமல் போயிருந்த காசு அப்போதுதான் வெளியே வந்தது. மேசைக்காரருக்கு ஒன்று, அவர் உதவிக்கு ஒன்று, அறைக்காரருக்கு ஒன்று. யாருக்கு எவ்வளவு என்று கப்பல்காரர்களே சீட்டு அச்சடித்து வைத்திருந்தார்கள்.

"இது லஞ்சமாடா?" என்று கேட்டேன்.

"இல்லீங்மா. இவங்களுக்குச் சம்பளம்னு ரொம்பக் கம்மி. இதுதான் இவங்க வீட்டுக்கு அனுப்பற பணம்."

அறைக்காரரின் உறை சரோஜாம்மாவிடம் இருந்தது. அறைக்கு வந்ததும் அதைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். "டவல் காணாம போக்கினவனுக்கு முழுசா எதுக்கு? எங்கயாவது வித்திருப்பான். நீங்க மாப்பிள்ளைகிட்ட சொல்லாதீங்க சம்பந்திம்மா."

நான் தலையை ஆட்டினேன். இந்தத் தலையாட்டுதான் என் வாழ்க்கையில் எல்லாத் தப்புக்கும் காரணம். கட்டிலில் அன்றைக்கு யானை இல்லை. சாக்லேட் மட்டும் இருந்தது.

படுத்தபோது மாரிமுத்து ஞாபகம் வந்தது. எங்கள் கடையில் பதினோரு வருஷம் எடை போட்டவர். ஒரு பொங்கல் சமயம் நல்லெண்ணெய் டின் ஒன்று குறைந்தது. எங்கள் வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லை, ஆனால் கணக்குக்காரர். மாரிமுத்துவின் சம்பளத்தில் பிடித்தார். மாரிமுத்து மீதியை எண்ணி வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் வேறு கடைக்குப் போய்விட்டார். அந்த டின்னைக் கோவில் விளக்குக்கு எடுத்துக் கொடுத்தவள் நான். சொல்ல மறந்தேன். ஞாபகம் வந்தபோது கடை நிறைய ஆட்கள். அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம் என்பது வரவே இல்லை. இதை இந்த மலரில் படித்துத்தான் எங்கள் வீட்டுக்காரர் தெரிந்துகொள்ளப் போகிறார்.

காலையில் லிஃப்ட்டில் கிழமை மாறியிருந்தது. ஆனால் கப்பல் நிற்கிறது என்றார்கள். மேலே போய்ப் பார்த்தேன். கடல் இல்லை, வானம் இல்லை, கரை இல்லை. எல்லாம் பாலில் முங்கியது போல மூடுபனி. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் உலகமே அழிந்துவிட்டிருந்தது. கப்பல் நிமிஷத்துக்கு ஒரு தரம் நீளமாகக் கூவியது. வெகு தூரத்தில் இன்னொரு கப்பல் பதிலுக்குக் கூவியது. துறைமுகத்து வாய்க்கால் மூடிவிட்டது, பனி விலகும் வரை இங்கேயேதான் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னாராம். ஜனங்கள் பையும் கையுமாகப் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் அவசரம் இல்லாதது போல இருந்தது. அந்தப் பனிக்குள் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது.

வருஷா வருஷம் சதுர்த்திக்குப் பிள்ளையார் வாங்குகிறோம். பொட்டு வைக்கிறோம், கொழுக்கட்டை வைக்கிறோம். மூன்றாம் நாள் என்ன செய்கிறோம்? தண்ணீரில்தானே விடுகிறோம். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. வந்தவரை அனுப்பத் தெரியாமல் அலமாரியில் பூட்டி வைத்தவள் நான்தான்.

அறைக்கு ஓடினேன். சரோஜாம்மா மேலே காபிக்குப் போயிருந்தார். மூன்று பேரையும் எடுத்துக் குளியலறைத் தொட்டியில் தண்ணீர் பிடித்து, போய் வாருங்கள் என்று சொல்லி ஒவ்வொருவராக விட்டேன். தும்பிக்கை முதலில் தளர்ந்தது, பிறகு காது விரிந்தது, பிறகு வெறும் துண்டு. குங்குமம் சிவப்பாகக் கலங்கியது. கறை போகட்டும் என்று சோப்புப் போட்டேன். அது மஞ்சளில் செய்த குங்குமம். சோப்புப் பட்டதும் இன்னும் கருஞ்சிவப்பாகப் பிடித்துக்கொண்டது. சின்னத் துண்டு மூன்றிலும் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறை நின்றுவிட்டது. பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன்.

நடையில் அந்தக் கோட்டுக்கார அம்மாள் நின்றார். அட்டையும் பேனாவும் கையில். ரோமெல் வண்டியிலிருந்த துண்டுகளை அவர் முன்னால் எண்ணிக்கொண்டிருந்தார். இருபது முப்பது பேர் இரண்டு பக்கமும் பெட்டிகள் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். என் சேலையெல்லாம் ஈரம் சொட்டியது. போனேன்.

"அவரு எடுக்கலீங்க," என்றேன். "நானுங்க. சாமின்னு நெனச்சு எடுத்து வெச்சுப்போட்டனுங்க."

அந்த அம்மாளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நான் இரண்டு கையையும் காதுபோல் வைத்துக் காட்டினேன். நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். துண்டைக் காட்டினேன். ரோமெல்தான் முதலில் புரிந்துகொண்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குள் சரோஜாம்மா காபிக் கோப்பையோடு வந்து சேர்ந்தார். நான் சொன்னதை ஒருமுறை கேட்டார், நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். "ஐயோ சம்பந்திம்மா, மூணு நாளா என் பக்கத்துலயே கோவில் நடத்தினீங்களா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நின்று அந்த அம்மாளிடம் இங்கிலீஷில் சொன்னார். எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் இணைப்பது போல, இங்கே கேட்டு அங்கே, அங்கே கேட்டு இங்கே.

அந்த அம்மாள் துண்டுகளை எண்ணினார். பெரியது மூன்று, சின்னது மூன்று. அட்டையில் ஒரு வரியை அடித்தார். கறையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வேறொரு தாளில் ஏதோ எழுதினார்.

"அது என்னங்க எழுதறாங்க?" என்று சரோஜாம்மாவைக் கேட்டேன்.

"தொலைஞ்சா அவன் தலைல. கறை பட்டுதுன்னா கப்பல் தலைல. மூணையும் கழிச்ச துணின்னு எழுதிட்டாங்க. அவன் பேர்ல ஒண்ணும் இல்ல. போதுமா?"

போதும் என்று தலையாட்டினேன். இந்த ஒரு தலையாட்டு சரியானது.

அறைக்கு வந்ததும் சரோஜாம்மா பர்ஸைத் திறந்து, எடுத்த நோட்டை உறைக்குள் திரும்ப வைத்தார். அப்புறம் இன்னொரு நோட்டும் வைத்தார். நான் முடிச்சை அவிழ்த்து என் இருபது டாலரைச் சேர்த்தேன். மொத்தம் முழுத் தொகையாக வந்தது. நம் பக்கம் மொய் முழுத் தொகையாக வைக்கமாட்டோம். ஒரு ரூபாய் கூட வைத்தால்தான் உறவு தொடரும் என்பார்கள். டாலர் ஒற்றை நோட்டு இருவரிடமும் இல்லை. தீவில் வாங்கிய காசை உறைக்குள் போட்டேன்.

ரோமெல் உறையை வாங்கித் தொட்டுப் பார்த்தார். காசு தட்டுப்பட்டதும் தவறிப் போட்டுவிட்டோம் என்று நினைத்து எடுத்துத் திரும்ப நீட்டினார். சரோஜாம்மா விளக்கினார். அவர் அந்தக் காசை நோட்டுகளோடு வைக்காமல் சட்டைப் பையில் தனியாகப் போட்டுக்கொண்டார். அரிசியும் அப்படியே இருந்தது. அதையும் கொடுத்தோம். அதைப் பார்த்தபோதுதான் அவர் முகம் நிஜமாகவே மலர்ந்தது. கீழே அவர்கள் ஆட்கள் சமைத்துக்கொள்ள வழி உண்டாம்.

பனி மதியத்துக்குப் பிறகுதான் விலகியது. விலகியது என்று கூடச் சொல்ல முடியாது, கொஞ்சம் மெலிந்தது. கரை முதலில் ஒரு வாசனையாக வந்தது, பிறகு ஒரு விளக்காக, பிறகு லாரிகளாக. எங்கள் சாமான் இறங்குகிற வாசலிலேயே அடுத்த பயணத்துக்கு வெங்காயம் ஏறிக்கொண்டிருந்தது. குக்கரைச் சீட்டோடு திரும்பக் கொடுத்தார்கள்.

வழியில் காரில் எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர்ப் பாட்டிலுக்காகக் கைப்பையைத் திறந்தேன். பை அடியில் ஈரமாக இருந்தது. ஊறுகாய் கொட்டிவிட்டது என்று பயந்து கையை விட்டேன். வெளியே வந்தது ஒரு சின்ன யானை. ஒரே ஒரு சின்னத் துண்டில் செய்தது. கறுப்புக் காகிதக் கண் வைத்து, தும்பிக்கையை மேலே தூக்கி மடித்திருந்தது. நெற்றி நடுவில், துல்லியமாக அந்த இடத்தில், என் குங்குமக் கறை. கறை பொட்டாக வரும்படி பார்த்துப் பார்த்து மடித்திருக்கிறார். உறையைக் கொடுத்துவிட்டு, பையை அறையில் வைத்து, நாங்கள் மறுபடி மேலே பனியைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் வந்து வைத்திருக்க வேண்டும்.

கவிதா வாஷிங் மெஷினில் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பிளானோ வீட்டு ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறார். நான் ஊருக்குப் போகும்போது என்னோடு வருவார். சதுர்த்திக்கு வாய்க்காலில் விடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

இவ்வளவுதான் எனக்கு ஞாபகம். ரோமெல் பெயரைச் சரியாக எழுதினேனா, தீவுக்குப் போனது மூன்றாம் நாள்தானா என்று செந்திலும் கவிதாவும் பார்த்துத் திருத்துவார்கள். அவர்களால் முடியாத ஒன்று இருக்கிறது. அதைப் படிக்கிறவர்களில் கப்பல் விவரம் தெரிந்த யாராவது விசாரித்துச் சொல்ல வேண்டும். கழித்த துணித் தாளில் சின்னத் துண்டு மூன்று என்று எழுதினார்கள். ஒன்று என்னிடம் வந்துவிட்டது. அப்படியானால் அங்கே இரண்டுதானே இருக்கும்? கழித்த துணியையும் அவர்கள் திரும்ப எண்ணுவார்களா? எண்ணினால் அதை யார் பேரில் எழுதுவார்கள்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். அவர் பேரில் எழுதுவார்கள் என்றால் துண்டைத் துவைத்துப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன்.